எங்க சபை எப்ப ஆரம்பிச்சது? காவிரி டெல்டாவின் கிராம பாப்டிஸ்ட் சபைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறைப் பக்கத்துச் சின்னச் சபைகள் வெள்ளிவிழா, பொன்விழா என்று மலர் போடும்போது, அந்த வரலாற்றுப் பக்கத்தை எழுதிக் கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஊர்ப் பெயர்களைப் போடவில்லை. அது அந்தந்தச் சபையின் சொந்த விஷயம்.

"பாப்டிஸ்ட்டுன்னா என்ன? சி.எஸ்.ஐ. மாதிரிதானே அதுவும்?"

இரண்டும் சீர்திருத்தச் சபைகள்தான், வேதாகமமும் ஒன்றுதான். ஆனால் பாப்டிஸ்ட் சபையில் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில், தானாக விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்குத்தான் கொடுப்பார்கள். தலையில் தெளிப்பதும் இல்லை, தண்ணீரில் முழுக்கித்தான் எடுப்பார்கள். குழந்தை பிறந்தால் சபை முன் கொண்டுவந்து ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணுவதோடு சரி.

அப்புறம் நிர்வாகம். சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் உண்டு, அவர் பொறுப்பில் பல சபைகள் சேர்ந்த திருமண்டலம் உண்டு. 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது லுத்தரன்களும் பாப்டிஸ்ட்டுகளும் சேரவில்லை. பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பேராயர் யாரும் இல்லை. ஊர்ச் சபையே போதகரை அழைக்கும், கணக்குப் பார்க்கும், சண்டை வந்தால் தானே தீர்த்துக்கொள்ளும். இதில் ஒரு பின்விளைவு உண்டு: சபைப் பதிவேட்டின் நகல் எந்தத் தலைமை அலுவலகத்திலும் இருக்காது. பீரோவில் இருக்கும் ஒரே நோட்டைக் கரையான் தின்றுவிட்டால் வரலாறும் அதோடு போச்சு. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதனால் வந்தவைதான்.

"யோவான் ஸ்நானகன்தான் பாப்டிஸ்ட் சபையை ஆரம்பிச்சார்னு எங்க வாத்தியார் சொன்னாரே?"

பெயர் ஒத்துப்போவதால் வரும் குழப்பம். பாப்டிஸ்ட் இயக்கம் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. இங்கிலாந்தில் இருக்க முடியாமல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன ஜான் ஸ்மித் 1609-இல் அங்கே விசுவாசிகளின் ஞானஸ்நானத்தை வைத்து ஒரு சபையைக் கூட்டினார். அவரோடு இருந்த தாமஸ் ஹெல்விஸ் பிறகு லண்டன் திரும்பி, இங்கிலாந்து மண்ணில் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். மலரில் இதற்கு இரண்டு வரி போதும். ஸ்மித்துக்கு நான்கு பக்கமும் சொந்த ஊருக்கு அரைப் பக்கமும் கொடுத்த மலர்களைப் பார்த்திருக்கிறேன், யாரும் படிப்பதில்லை.

"சீகன்பால்கு நம்ம தரங்கம்பாடியில வந்துதானே இறங்கினார்? அப்ப எங்க சபையும் அவர் வழியில வந்ததுன்னு போடலாம்ல?"

போடக் கூடாது. சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலையில் டென்மார்க் அரசன் அனுப்பி வந்த லுத்தரன்கள். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. 1719-இல் இறந்த சீகன்பால்கின் கல்லறை அதற்குள்ளேதான் இருக்கிறது. இன்றைய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு அந்தத் தொடர்ச்சியைச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் ஷ்வார்ட்ஸ் என்ற மிஷனரி வளர்த்த சபைகள் பிறகு ஆங்கிலிக்கன் கைக்குப் போய், இப்போது சி.எஸ்.ஐ.யில் இருக்கின்றன. மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் வெஸ்லியன் மெத்தடிஸ்ட்டுகள் வேலை செய்தார்கள். அவர்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனாலும் சீகன்பால்கை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் அவர். பாப்டிஸ்ட் வீட்டில் இருக்கும் வேதாகமத்துக்கும் அந்தக் கடன் உண்டு. அந்த அளவுக்கு எழுதுங்கள், அது உண்மை. 'சபையின் ஸ்தாபகர்' என்று அவர் படத்தைப் போடுவது வேறு.

"சரி, அப்ப பாப்டிஸ்ட்டுங்க இந்தப் பக்கம் எங்கேருந்து வந்தாங்க?"

இந்தியாவில் பாப்டிஸ்ட் மிஷனரி வேலை என்றால் வில்லியம் கேரி. 1793-இல் வங்காளம் வந்து, 1800-இல் செராம்பூருக்குப் போனார். அதுவும் தரங்கம்பாடி மாதிரியே டேனிஷ்காரர்கள் வைத்திருந்த ஊர். இரண்டையும் 1845-இல் ஒரே கையாக ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். வந்து ஏழு வருஷம் கழித்து, 1800 டிசம்பர் கடைசியில், கிருஷ்ண பால் என்ற தச்சர் ஊக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தார். கேரியின் வேலையில் வங்காளிகளில் அவர்தான் முதல்.

தெற்கே பெரிய அலை தெலுங்கில் அடித்தது. அமெரிக்க பாப்டிஸ்ட்டான சாமுவேல் டே 1840-இல் நெல்லூரில் காலூன்றினார். பல வருஷம் பலனே தெரியவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜான் கிளவ் என்ற மிஷனரி பக்கிங்காம் கால்வாயில் வெட்டு வேலைக் கான்ட்ராக்ட் எடுத்து ஜனங்களுக்குக் கூலி கொடுத்தார். பஞ்சம் தணிந்த பிறகு, 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். 'சோற்றுக்கு வந்தவர்கள்' என்ற பேச்சு வரக் கூடாது என்றுதான் நிவாரண வேலை முடியும்வரை ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்திருந்தார். தமிழ்ப் பக்கத்தில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் நாமக்கல் வட்டாரத்திலும் கொல்லிமலையிலும் வேலை செய்தது. தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் பேர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் சின்ன வயதில் வளர்ந்தது கொல்லிமலையில், அந்த மிஷன் வீட்டில்தான்.

கீழ்த்தஞ்சையில் இப்படிப் பழைய மிஷன் பங்களாவோ பெரிய கல்கோயிலோ கொண்ட பாப்டிஸ்ட் மையம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நான் போய் எழுதிய சபைகள் எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு, பக்கத்து ஜில்லாவில் படித்துவிட்டு வந்த தமிழ் ஊழியர்களோ, வேலைக்குப் போன இடத்தில் விசுவாசத்துக்கு வந்து ஊர் திரும்பிய ஆட்களோ தொடங்கியவை. சைக்கிளில் வந்த ஆள்தான் ஸ்தாபகர். அதைச் சொல்வதில் என்ன கூச்சமோ, உடனே ஒரு வெள்ளைக்காரரைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"ஆரம்பத்துல சேர்ந்தவங்க நிறைய பேர் லுத்தரன், சி.எஸ்.ஐ. குடும்பம். ஏற்கெனவே எடுத்த ஞானஸ்நானத்தை மறுபடி ஏன் எடுத்தாங்க?"

முதல் பதிலில் சொன்ன கொள்கைதான் காரணம். குழந்தையில் தெளித்ததை பாப்டிஸ்ட்டுகள் ஞானஸ்நானமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அவர்களைப் பொறுத்தவரை இது மறுபடி இல்லை, முதல் தடவை. பழைய சபையின் போதகருக்கு, அதாவது ஐயருக்கு, இது அவமானம் மாதிரி இருக்கும். பல ஊரில் உறவு முறிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்காததும் இந்த இடத்தில்தான்.

மலரில் 'இரட்சிக்கப்பட்டு வந்தார்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சபையிலிருந்து வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அவர்கள் பாடிய கீர்த்தனைகளும், கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போகும் பஜனையும், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தும் பழைய வீட்டிலிருந்து கூடவே வந்தவைதானே.

"சபை ஆரம்பிச்ச வருஷம்னு எதைப் போடறது? கல்லுல ஒண்ணு இருக்கு, பெரியவங்க ஒண்ணு சொல்றாங்க."

அதிகம் சண்டை வருவது இதில்தான். கல்வெட்டில் இருப்பது பெரும்பாலும் கட்டடம் பிரதிஷ்டையான தேதி. அதற்கு முன்னால் குறைந்தது மூன்று தேதிகள் இருக்கும்: யார் வீட்டுத் திண்ணையிலாவது முதல் ஜெபக்கூட்டம் நடந்த நாள், அந்த ஊர் ஆட்கள் முதலில் ஞானஸ்நானம் எடுத்த நாள், 'இனி நாம் ஒரு சபை' என்று கூடி ஒப்புக்கொண்டு திருவிருந்து எடுத்த நாள்.

பாப்டிஸ்ட் முறைப்படி கடைசியில் சொன்னதுதான் சபை தொடங்கிய நாள். ஞானஸ்நானம் எடுத்த விசுவாசிகள் ஒருவரோடு ஒருவர் உடன்பட்டுச் சேர்வதுதான் அவர்கள் கணக்கில் சபை. கட்டடம் இல்லாமலும் சபை உண்டு. அந்த நாளுக்கு எழுத்துச் சான்று இல்லையென்றால் முதல் ஞானஸ்நானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெபக்கூட்டத்தை 'ஊழியத் தொடக்கம்' என்று தனியாகப் போடுங்கள். மூன்றையும் போட்டு, எதை ஆண்டுக் கணக்குக்கு வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் சண்டை பாதி அடங்கிவிடும்.

பொன்விழா சீக்கிரம் வரட்டும் என்று ஜெபக்கூட்ட வருஷத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆசையும் உண்டு. சிறப்பு விருந்தினருக்குத் தேதி சொல்லி, பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அப்போது நான் ஒன்றும் செய்ய முடியாது.

"எங்க அப்பாயி ஆத்துல ஞானஸ்நானம் எடுத்தாங்க. வருஷம் ஞாபகம் இல்லேங்கிறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வருஷத்தைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள். மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு டெல்டா ஆறுகளுக்கு ஒரு முறை உண்டு: ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். தண்ணீர் இல்லாத வருஷம் திறப்பு தள்ளிப் போகும். கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வர இன்னும் பல நாள் ஆகும். ஆக, 'ஆத்துல இடுப்பளவு தண்ணி' என்றால் ஆனி கடைசியிலிருந்து தைக்குள். 'சித்திரையில எடுத்தேன்' என்று உறுதியாகச் சொன்னால் அது ஆறாக இருக்காது. குளமா, பம்புசெட் தொட்டியா என்று கேளுங்கள். 'ஆமா, பம்புசெட்டு' என்று சொன்ன கையோடு யார் வயல், அந்த வயலுக்கு எப்போது கரண்ட் வந்தது என்று அவர்களே தொடர்வார்கள். 'புதாறு' என்றால் கல்லணைக் கால்வாய்; அதுவும் மேட்டூரோடு சேர்ந்து வெட்டியது. அதற்கு முந்தைய கதையில் புதாறு வரவே முடியாது.

அப்புறம் புயல்கள். 1952 நவம்பர் கடைசியில் ஒன்று, தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல், 1977 நவம்பர் 12 புயல். கீழ்த்தஞ்சைப் பெரியவர்களுக்கு 77 புயல் மறக்காது. 'புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, பெரிய பையன் அப்போ கைக்குழந்தையா' என்று கேட்டால் ஓரிரு வருஷத்துக்குள் வந்துவிடலாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கிறிஸ்மஸையும் அந்தப் பக்கத்து விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் மறக்கவில்லை. அதைக் கேட்கும்போது மட்டும் தேதி பிடிக்கும் அவசரத்தைக் காட்டாதீர்கள்.

தமிழ் வருஷப் பெயர் கிடைத்தால் கவனம். அது அறுபது வருஷச் சுற்று. குரோதி என்றால் 1964-65 ஆகவும் இருக்கலாம், 1904-05 ஆகவும் இருக்கலாம். மற்ற குறிப்போடு பொருத்தித்தான் முடிவு செய்ய வேண்டும்.

"இவ்ளோ வருஷம் சபை இருந்தும் ஏன் கீத்துக் கொட்டாயிலயே நடந்துச்சு? காசு இல்லாமதானே?"

காசும் இல்லை, அதைவிட மனை இல்லை. டெல்டாவில் நிலம் மிராசுதாரிடமும் கோயில், மடங்களிடமும் இருந்தது. பண்ணையாட்கள் குடியிருந்த குடிசையின் அடிமண்ணே அவர்களுக்குச் சொந்தமில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் மனையும் போய்விடும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து வேலையிலிருந்து நீக்குவதற்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டது. குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம் வந்தது 1971-இல்தான்.

அதுவரை ஜெபக்கூட்டத்துக்கு ஒரு பந்தல்கால் நடுவதே ஆபத்து. ராத்திரி வேலை முடிந்து, யார் வீட்டு வாசலிலாவது சிம்னி விளக்கை வைத்துக் கூடினார்கள். பத்திரங்களைப் பார்த்தால் பல சபைகளின் மனை எழுபதுகளுக்குப் பிந்தியதாக இருக்கும். 'ஏன் லேட்டு' என்று கேட்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் வருஷத்தைக் காட்டினால் போதும். இன்னொன்று, பட்டா மனை கிடைத்தாலும் வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டர் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஃபைல் நகர்ந்த கதை தனி மலருக்கு ஆகும்.

"பழைய பத்திரத்துல மாயவரம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லான்னு இருக்கு. இது எங்க சபை பத்திரம்தானா?"

அதுவாகத்தான் இருக்கும். மாயவரம் மயிலாடுதுறை ஆனது 1982-இல். நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1991-இல், திருவாரூர் 1997-இல், மயிலாடுதுறை 2020-இல். ஒரே ஊர் ஐம்பது வருஷத்தில் மூன்று மாவட்டத்தில் இருந்திருக்கும். ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துத் தேடுங்கள், மாவட்டத்தை நம்பாதீர்கள்.

"மனை பாஸ்டர் பேர்ல இருக்கு. அவர் தவறிட்டார். மலர்ல 'சபைக்குச் சொந்தமான இடம்'னு போடலாமா?"

முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தன் பேரில் வாங்கிப் பிறகு சபைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைத்த ஊழியர்களும் உண்டு, எழுதிவைக்க நினைத்து முடியாமல் போனவர்களும் உண்டு. எழுதியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் வாரிசுகளிடமும் வக்கீலிடமும் பேசி முடிக்கும்வரை அந்த வரியை விட்டுவிடுங்கள். மலரில் அச்சடிப்பதால் மனை சொந்தமாகாது, வீண் மனத்தாங்கல்தான் வரும். சபை தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ள ஒரு டிரஸ்ட்டோ, 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கமோ வேண்டும்.

"ரிஜிஸ்டர்ல ஒரு பேரு, ஸ்கூல் சர்டிபிகேட்டுல இன்னொரு பேரு. எதைப் போட?"

சபைப் பெயரை மட்டும் போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்காதீர்கள். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டும். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். இதனால் பல குடும்பங்கள் இரண்டு பெயரோடு வாழ்கின்றன. அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல விழா மலர் இடமில்லை. யாருடைய வேலைக்கும் படிப்புக்கும் நம் எழுத்தால் கெடுதல் வரக் கூடாது. உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

"ஆரம்ப காலத்துப் பொம்பளைங்க பேரு எதுவுமே எழுதி வைக்கலியே?"

எழுதி வைத்திருப்பார்கள், ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இருக்காது. உறுப்பினர் பட்டியலில் 'இன்னார் மனைவி' என்றுதான் இருக்கும். காணிக்கைக் கணக்கைப் பாருங்கள். ஒரு சபையில் நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று கிடைத்தது. சமைக்க உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் கணக்கு. வாரா வாரம் யார் எத்தனை படி கொண்டுவந்தார் என்று பெண்களின் சொந்தப் பெயரோடு இருந்தது. எதிர்ப் பக்கத்தில் அரிசி விற்ற காசுக்கு வாங்கிய சாமான்: மண்ணெண்ணெய், மேண்டில், கீற்று, தென்னங்கயிறு. அந்தக் கொட்டகையின் கூரை யார் காசில் வேய்ந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மலரின் முன் பக்கத்தில் சபைப் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்த படம்தான் வந்தது. நோட்டின் ஒரு பக்கத்தையாவது படமாகப் போடச் சொல்லிப் போராடி, அரைப் பக்கம் வாங்கினேன்.

"எங்க சபை ரெண்டாப் பிரிஞ்சது. அதை எழுதாம விட்டுடலாமா?"

எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் உறுப்பினர் எண்ணிக்கை ஏன் திடீரென்று பாதியானது என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். தன்னாட்சிச் சபைகளில் பிரிவு சகஜம், தடுக்க மேலே ஆள் இல்லை. மேலே ஆள் இருந்த சபையிலும் நடந்திருக்கிறது: 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியதும் தஞ்சாவூர்ச் சபை உடைந்தது. கீர்த்தனைகளால் இன்றும் கொண்டாடப்படும் வேதநாயக சாஸ்திரியார் அந்த உத்தரவை எதிர்த்த பக்கம் நின்றார். அதை மறைக்காமல்தான் வரலாற்றுக்காரர்கள் எழுதுகிறார்கள்.

வருஷம், பிரிந்த குடும்பங்கள் தோராயமாக எத்தனை, இப்போது எங்கே கூடுகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணத்தை இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும் எழுதலாம். தாய்ச் சபை யார் என்ற கேள்விக்கு, தொடக்கத் தேதி பற்றிய பதிலில் சொன்னபடி பார்த்தால், அன்று உடன்பட்டுச் சேர்ந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு சபைக்கும் அதே தொடக்கம்தான். இந்தப் பதில் யாருக்கும் பிடிக்காது.

"வெளிநாட்டுல ஏதாவது ரெக்கார்டு இருக்குமா?"

உங்கள் சபைக்கு மிஷன் தொடர்பு இருந்தால் மட்டும். அமெரிக்க பாப்டிஸ்ட் ஆவணங்கள் அட்லாண்டாவில் இருக்கின்றன. கேரியை அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் தாள்கள் ஆக்ஸ்போர்டு ரீஜண்ட்ஸ் பார்க் கல்லூரியின் ஆங்கஸ் நூலகத்தில். ஜெர்மனியின் ஹாலேயில் இருப்பவை தரங்கம்பாடி லுத்தரன் ஆவணங்கள். அவற்றில் உங்கள் ஊர்ப் பெயர் வந்தாலும் அது உங்கள் சபையைப் பற்றியதாக இருக்காது. சைக்கிளில் வந்த ஊழியர் தொடங்கிய சபை என்றால் அவர் வீட்டுப் பரணில் தேடுங்கள்.

"மலர் அச்சுக்குப் போக ஒரு மாசம்தான் இருக்கு. எதை முதல்ல செய்ய?"

வயதானவர்களிடம் முதலில் போங்கள், பத்திரம் காத்திருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்த கூட்டத்தில் கேட்காமல் வீட்டுக்குப் போய், போனில் பதிவு போட்டு, ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். நாலு பேர் இருந்தால் சத்தமாகப் பேசுகிறவரின் வருஷம்தான் ஜெயிக்கும். அப்புறம் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, காணிக்கை நோட்டு மூன்றையும் அட்டையிலிருந்து அட்டைவரை போட்டோ எடுத்து, இரண்டு வீட்டில் நகல் வையுங்கள். வெற்றுப் பக்கம் என்று எதையும் தள்ளாதீர்கள். முதல் ஞானஸ்நானத் தேதி பென்சிலில் பின்னட்டை உள்பக்கத்தில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன், அதற்குப் பக்கத்திலேயே யாருக்கோ கொடுத்த கைமாற்றுக் கணக்கும்.